கிளிக் செய்வதற்கு முன் வரைந்து காட்டு: அடிப்படைப் புவி அறிவியல் வகுப்பில் ஊடாடும் பல்லூடகம், ஒரு நிகழ்வு ஆய்வு

அடிப்படைப் புவி அறிவியல் பெரும்பாலும் வேறு துறை மாணவர்கள் ஒரு பருவம் மட்டும் படித்துவிட்டுப் போகும் பாடம். வணிகவியல், கணினி, இலக்கியம் என்று பல பக்கமிருந்தும் வருவார்கள். பலர் ஒரு பாறைத் துண்டைக் கையில் எடுத்துக் கவனித்துப் பார்த்ததே இல்லை. இந்தப் பருவம் முடிந்த பிறகு மறுபடி பார்க்கவும் போவதில்லை. தங்கள் காலுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ள அவர்களுக்குக் கிடைக்கும் ஒரே வாய்ப்பு இதுதான். அதனால் இந்த வகுப்பு எனக்கு முக்கியம். அடுத்தடுத்து நான்கு பருவங்கள் ஊடாடும் பல்லூடகத்தை, அதாவது மாணவரே கிளிக் செய்து இயக்கும் அனிமேஷன்களையும் சிமுலேஷன்களையும், வைத்து இதை நடத்தியிருக்கிறோம். அதில் எது பலித்தது, எது பலிக்கவில்லை, எந்த இடத்தில் நாங்களே மாணவர்களுக்குத் தவறாகச் சொல்லிக்கொடுத்தோம் என்பதை இங்கே எழுதுகிறேன்.

மதிப்பெண் ஒப்பீடு எதுவும் இதில் இருக்காது. ஒவ்வொரு பருவத்திலும் மாணவர்கள் வேறு, வினாத்தாள் வேறு, பாடத்தை நடத்திய விதமும் வேறு. அந்த எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து முன்னேற்றம் என்று சொல்வது சரியில்லை. நான் நம்பியிருப்பது மாணவர்கள் தங்கள் கையால் வரைந்த படங்களை. புவியின் குறுக்குவெட்டை ஒருவர் வரையும்போது, அவர் மனத்தில் இருப்பது அப்படியே தாளுக்கு வந்துவிடும்.

ஏன் பல்லூடகம்?

புவி அறிவியலில் நாம் பேசும் எதுவும் வகுப்பறைக்குள் அடங்காது. ஆழம் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர், காலம் கோடிக்கணக்கான ஆண்டுகள், வேகம் ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர். வேதியியலில் ஒரு சோதனைக் குழாயைக் காட்டலாம். புவியின் மேற்பகுதி பிரிந்திருக்கும் பெரும் பாறைத் தகடுகளான தட்டுகள் நகர்வதை யாரும் யாருக்கும் காட்ட முடியாது. 1912-இல் ஜெர்மன் அறிவியலாளர் ஆல்ஃபிரட் வெகனர் கண்டங்கள் நகர்கின்றன என்று சொன்னபோது, அவரிடம் இருந்தது பொருந்திப்போகும் கரையோரங்களும் பாறைகளும் புதைபடிவங்களும்தான். அடுத்த ஐம்பது ஆண்டுகள் பலர் ஏற்காததற்கு, எந்த விசை நகர்த்துகிறது என்று அவரால் நம்பும்படி விளக்க முடியாதது ஒரு காரணம். மாணவர்களும் அதே இடத்தில்தான் நிற்கிறார்கள். எப்படி நகர்கிறது என்பதைப் பார்க்காமல் அவர்களுக்கு மனம் ஒப்புவதில்லை.

சரி, திரையில் காட்டிவிடலாம் என்று கிளம்பினோம். பிழை அங்கேயே தொடங்கியது.

முதல் பருவம்

முதல் பருவத்தில் நாங்கள் செய்த பாடங்கள் பார்க்க நன்றாக இருந்தன. புவியின் உள்ளமைப்புக்கு ஓர் அனிமேஷன். மேலோட்டைக் கிளிக் செய்தால் அது விலகும், உள்ளே கவசம் (மேலோட்டுக்கும் கருவுக்கும் நடுவே உள்ள தடித்த அடுக்கு) செக்கச்செவேலென்று ஒளிரும், அதற்குள் சூடானது மேலேறி ஆறியது கீழிறங்கும் வெப்பச்சலன வட்டங்கள் சுழன்றுகொண்டே இருக்கும், மேலே தட்டுகள் மெல்ல மிதந்து போகும். பின்னணியில் இசை, குரலில் விளக்கம், அதே விளக்கம் எழுத்திலும். ஒவ்வொரு பகுதியையும் தொட்டால் ஒரு சிறு பெட்டி திறக்கும். மாணவர்கள் விரும்பினார்கள். வகுப்பு முடிந்த பிறகும் சிலர் உட்கார்ந்து கிளிக் செய்துகொண்டிருந்தார்கள். எங்களுக்கும் மகிழ்ச்சி.

பருவத் தேர்வில் புவியின் குறுக்குவெட்டை வரையச் சொல்லியிருந்தோம். வந்த படங்களைப் பார்த்ததும் அந்த மகிழ்ச்சி போய்விட்டது. பலருடைய படத்தில் கவசம் ஒரு தீக்கடல். தட்டுகள் அதன்மேல் படகுகள் போல மிதந்தன. எரிமலை என்பது அந்தக் கடலில் விழுந்த ஓட்டை. ஒருவர் கவசத்தின் மேற்பரப்பில் அலைகளைக்கூட வரைந்திருந்தார். கவசம் பெரும்பாலும் திடப்பாறை என்று குரல் விளக்கத்தில் தெளிவாகச் சொல்லியிருந்தோம். ஆனால் கண் பார்த்தது சிவப்பு, கொதிப்பு, ஓட்டம். கண் பார்த்ததுதான் மனத்தில் தங்கியது.

இதில் மாணவர்களைக் குறை சொல்ல வழியே இல்லை. அவர்கள் வரைந்தது எங்கள் அனிமேஷனை. அதை அவர்கள் மிகச் சரியாகவே நினைவில் வைத்திருந்தார்கள்.

அதன் பிறகுதான் பல்லூடகக் கற்றல் பற்றிய ஆய்வுகளை ஒழுங்காகப் படிக்க உட்கார்ந்தோம். ரிச்சர்ட் மேயர் என்ற உளவியலாளரும் அவருடன் பணியாற்றியவர்களும் செய்த சோதனைகளில் பல, மின்னல் எப்படி உருவாகிறது என்ற ஒரு சிறு அனிமேஷனை வைத்துச் செய்யப்பட்டவை. அது எங்கள் பாடத்துக்குப் பக்கத்து வீடு என்பதால் எளிதில் புரிந்தது. 2001-இல் வெளியான ஒரு சோதனையில், ஏறத்தாழ 140 விநாடி ஓடும் அந்த அனிமேஷனை 16 துண்டுகளாக்கி, ஒவ்வொரு துண்டுக்கும் பிறகு மாணவரே பொத்தானை அழுத்தித் தொடரும்படி வைத்தார்கள். இடைவிடாமல் பார்த்தவர்களைவிட, தன் வேகத்தில் நகர்த்தியவர்கள், படித்ததைப் புதிய சூழலுக்குப் பயன்படுத்தும் கேள்விகளில் மேலாகச் செய்தார்கள். பாடத்தோடு தொடர்பில்லாத சுவையான துணுக்குகளைச் சேர்த்தால் கற்றல் குறைகிறது என்பதும், படத்துக்குக் குரல் விளக்கம் இருக்கும்போது அதே சொற்களைத் திரையில் எழுத்திலும் ஓட்டினால் சுமைதான் கூடுகிறது என்பதும் அதே வரிசைச் சோதனைகளில் வந்தவை. 2002-இல் உளவியலாளர் பார்பரா ட்வெர்ஸ்கியும் உடன் பணியாற்றியவர்களும் இன்னொன்றைக் காட்டினார்கள்: அனிமேஷன் வென்றதாகச் சொல்லப்பட்ட பல ஒப்பீடுகளில், அனிமேஷனில் இருந்த தகவல் நிலைப்படத்தில் இருக்கவே இல்லை. நகர்வதால் மட்டுமே ஒரு படம் நன்றாகக் கற்பித்துவிடாது.

இசையை எடுத்தோம். திரையில் ஓடிய எழுத்தையும் எடுத்தோம், காது கேட்காத மாணவருக்கு மட்டும் குரலுக்குப் பதிலாக எழுத்து வரும் ஒரு வழி வைத்துவிட்டு. சிறு பெட்டிகளில் முக்கால்வாசி போயின. இதெல்லாம் எளிது. கடினமான மாற்றம் ஒன்று இருந்தது.

எழுதிய பிறகே பொத்தான்

முதல் பருவத்தில் எங்கள் மாணவர்கள் நிறைய கிளிக் செய்தார்கள், கொஞ்சம்தான் யோசித்தார்கள். ஸ்லைடரை இழுத்தால் ஏதோ ஒன்று நடக்கிறது, இன்னும் இழுத்தால் இன்னும் நடக்கிறது. கை வேலை செய்கிறது, மனம் வேடிக்கை பார்க்கிறது. ஊடாடல் என்று நாங்கள் பெயர் வைத்திருந்தது அதற்குத்தான்.

இரண்டாம் பருவத்தில் ஒரே ஒரு விதி வைத்தோம். எந்த சிமுலேஷனும் தொடங்கும் முன், என்ன நடக்கும் என்று மாணவர் தாளில் வரைய வேண்டும், அல்லது எண்ணாக எழுத வேண்டும். வரைந்த தாளைப் பக்கத்தில் இருப்பவரிடம் காட்ட வேண்டும். அப்புறம்தான் பொத்தான். வரைந்தது தவறாக இருந்தால் மதிப்பெண் குறையாது. வரையாமல் இருந்தால் குறையும். திரையிலேயே வரையும் வசதி செய்து பார்த்தோம். ஆனால் அதை அழித்து மாற்றுவது மிக எளிதாக இருந்தது. விடையைப் பார்த்த பிறகு தன் கணிப்பைச் சத்தமில்லாமல் திருத்திவிடுவார்கள். பேனாவும் தாளும்தான் நின்றன.

சொல்லும்போது சிறிய விஷயமாகத் தெரிகிறது. இந்தப் பாடத்தில் நாங்கள் செய்த மற்ற எல்லா மாற்றங்களையும் சேர்த்தாலும் இதற்கு ஈடாகாது என்று நான் நினைக்கிறேன். ஒருவர் தன் எண்ணத்தைத் தாளில் போட்டுவிட்டால், திரையில் வேறொன்று நடக்கும்போது அது அவருக்குச் செய்தி ஆகிறது. தாளில் ஒன்றும் இல்லையென்றால், என்ன நடந்தாலும் ‘ஆமாம், இப்படித்தான் இருக்கும்’ என்று தலையாட்டிவிட்டுப் போய்விடலாம்.

இதன் பலனை நான் மிகத் தெளிவாகப் பார்த்தது நிலநடுக்க ஆழங்களைப் பற்றிய பாடத்தில். பசிபிக் பெருங்கடலில் உள்ள டோங்கா தீவுப் பகுதியில் பதிவான உண்மையான நிலநடுக்கங்கள் ஒரு வரைபடத்தில் புள்ளிகளாக இருக்கும். ஆழம் 70 கிலோமீட்டர் வரை ஒரு நிறம், 70 முதல் 300 வரை இன்னொன்று, 300 முதல் 700 வரை மூன்றாவது. முதல் பருவத்தில் இதை முப்பரிமாணத்தில் நேரடியாகக் கொடுத்தபோது, பம்பரம் போலச் சுழற்றி விளையாடிவிட்டு மூடிவிட்டார்கள். இரண்டாம் பருவத்தில் சுழற்றும் வசதியைப் பூட்டி வைத்தோம். மேலிருந்து பார்க்கும் படம் மட்டும். ‘இதைப் பக்கவாட்டில் இருந்து பார்த்தால் எப்படி இருக்கும், வரையுங்கள்.’ சிலர் சிதறிய புள்ளிகளாக வரைந்தார்கள். சிலர் மூன்று படிக்கட்டுகள் வரைந்தார்கள். ஓரிருவர் மட்டும் சாய்ந்த கோடு. பிறகு பூட்டைத் திறந்து, மெல்லச் சுழற்றச் சொன்னோம். புள்ளிகள் எல்லாம் ஒரு சாய்ந்த தகடாகச் சேர்ந்து, கடலடியில் உள்ள ஆழமான அகழியில் தொடங்கி மேற்கு நோக்கிக் கிட்டத்தட்ட 700 கிலோமீட்டர் ஆழம் வரை இறங்கின. அந்த நொடியில் வகுப்பில் எழுந்த சத்தத்தை இன்னும் மறக்கவில்லை. ஒரு தட்டு இன்னொன்றின் கீழே போகிறது என்று நாங்கள் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கடல்தளத் தட்டு கீழே இறங்குவதை அவர்களே புள்ளிகளில் பார்த்தார்கள்.

அதே பாடத்தில் ஒரு குறையும் வெளிவந்தது. ஆழத்துக்கு நாங்கள் வைத்திருந்த நிறங்களில் சிவப்பும் பச்சையும் இருந்தன. ஒரு மாணவருக்கு இரண்டும் ஒன்றாகவே தெரிந்தன. அவர் வரைந்த சிதறல் படத்தைப் பார்த்து ‘கவனிக்கவில்லை’ என்று நான் முதலில் நினைத்தது தவறு. இப்போது வெளிர்மஞ்சளில் தொடங்கிக் கருநீலம் வரை, வெளிச்சம் குறைந்துகொண்டே போகும் நிறங்களை வைத்திருக்கிறோம். கருப்பு வெள்ளையில் அச்சிட்டாலும் ஆழம் தெரிகிறது.

மூன்று வட்டங்கள்

நிலநடுக்கத்தின் மேல்மையத்தைக் கண்டுபிடிக்கும் பயிற்சி இந்தப் பாடத்தின் பழைய செய்முறை. நிலநடுக்கம் தொடங்கிய இடத்துக்கு நேர் மேலே, தரையில் இருக்கும் புள்ளிதான் மேல்மையம். நிலநடுக்கத்தில் கிளம்பும் இரண்டு வகை அலைகளில், பதிவு நிலையத்துக்கு முதலில் வேகமான பி அலை வரும், பின்னால் மெதுவான எஸ் அலை வரும். மேலோட்டில் பி அலையின் வேகம் விநாடிக்கு ஏறத்தாழ 6 கிலோமீட்டர், எஸ் அலைக்கு 3.5 என்று வைத்துக்கொண்டால், இரண்டுக்கும் இடையே வரும் ஒவ்வொரு விநாடியும் சுமார் 8.4 கிலோமீட்டர் தூரத்தைக் குறிக்கும். பத்து விநாடி இடைவெளி என்றால் 84 கிலோமீட்டர். மூன்று நிலையங்களிலிருந்து மூன்று வட்டங்கள் போட்டால், அவை சந்திக்கும் இடம் மேல்மையம். பாடநூல்கள் இப்படித்தான் சொல்கின்றன.

கணினியில் இதைச் செய்தபோது ஒரு வசதி வைத்திருந்தோம். மாணவர் வட்டத்தைக் கிட்டத்தட்டச் சரியான இடத்துக்குக் கொண்டுவந்துவிட்டால், மென்பொருள் அதைச் சரியான புள்ளியில் ஒட்ட வைத்துவிடும். எல்லோருக்கும் விடை வந்தது. எல்லோருக்கும் முழு மதிப்பெண்ணும் வந்தது. ஒரு நாள் மின்சாரம் போனதால் அதே பயிற்சியைத் தாளிலும் கவராயத்திலும் செய்ய நேர்ந்தது. யாருடைய வட்டங்களும் ஒரே புள்ளியில் சந்திக்கவில்லை. நிறைய பேர் அழித்துவிட்டு, விட்டத்தைக் கொஞ்சம் மாற்றி, சந்திக்க வைத்தார்கள். ஒருத்தி மட்டும் எழுந்து கேட்டாள்: “மேடம், நான் மூணு தடவை அளந்துட்டேன். மூணு தடவையும் வட்டம் ஒண்ணு மேல ஒண்ணு ஏறித்தான் நிக்குது. ஒரு தடவைகூட குறைவா வரலையே?”

அந்தக் கேள்வியை எங்கள் மென்பொருள் யாரையும் கேட்கவிடாமல் செய்திருந்தது. அளவீட்டுப் பிழை என்றால் சில வட்டம் சிறிதாகவும் சில பெரிதாகவும் வர வேண்டும். எல்லாமே பெரிதாக வருகிறது என்றால் அதற்கு ஒரு காரணம் இருக்க வேண்டும். காரணம் ஆழம். நாம் அளப்பது நிலையத்திலிருந்து மேல்மையத்துக்கான தூரத்தை அல்ல, தரைக்கு அடியில் நிலநடுக்கம் தொடங்கிய இடத்துக்கான சாய்வுத் தூரத்தை. தொடங்கிய இடம் 50 கிலோமீட்டர் ஆழத்தில் இருந்தால், நாம் 84 என்று அளக்கும் நிலையத்துக்குத் தரைவழித் தூரம் 67 அல்லது 68 கிலோமீட்டர்தான். செங்கோண முக்கோணக் கணக்கு. வட்டங்கள் ஏறி நிற்கும் அளவைப் பார்த்தே ஆழத்தைச் சொல்லிவிடலாம்.

ஒட்ட வைக்கும் வசதியை அன்றே எடுத்துவிட்டோம். அதற்குப் பதிலாக ஆழத்துக்கு ஒரு ஸ்லைடர் வைத்தோம். மாணவர் ஆழத்தைக் கூட்டக் கூட்ட மூன்று வட்டங்களும் சுருங்கும். ஏதோ ஓர் ஆழத்தில் ஒரு சிறு முக்கோணமாக நெருங்கி வரும். அந்த முக்கோணம் முழுதாக மறையாது. மிச்சம் இருப்பது அளவீட்டுப் பிழையும், பாறை எங்கும் ஒரே வேகத்தில் அலையைக் கடத்துவதில்லை என்ற உண்மையும். அந்த மிச்சத்தை எழுதச் சொல்லித் தனி மதிப்பெண் கொடுக்கிறோம். மென்பொருள் தரும் உதவிகளில் எது மாணவரின் வேலைக்குத் துணை நிற்கிறது, எது மாணவரின் வேலையைப் பறிக்கிறது என்று பார்ப்பதில்தான் இந்தப் பாடத்தைத் தயாரிப்பவரின் நேரம் போக வேண்டும் என்று இப்போது நினைக்கிறேன்.

இதற்கு அடுத்தபடியாக 2004 டிசம்பர் 26 சுமத்ரா நிலநடுக்கத்தைச் சேர்த்தோம். வரைபடத்தில் அதற்கும் மற்ற நிலநடுக்கங்கள் போலவே ஒரு புள்ளி போட்டிருந்தோம். ஒரே புள்ளியிலிருந்து கிளம்பிய ஆழிப்பேரலை எப்படி வங்காள விரிகுடா முழுவதையும் அப்படித் தாக்கியது என்று மாணவர்கள் குழம்பினார்கள். குழப்பம் புள்ளியால் வந்தது. பாறைப் பிளவு வட சுமத்ராவின் மேற்குக் கரைக்கு அப்பால் கடலடியில் தொடங்கி, அந்தமான் வரை ஏறத்தாழ 1,300 கிலோமீட்டர் நீளத்துக்குக் கிழிந்துகொண்டே போனது. கிழிந்து முடிய எட்டிலிருந்து பத்து நிமிடம் ஆனது. இப்போது அந்த இடத்தில் புள்ளி இல்லை, அதே நேர அளவில் மெல்ல வளரும் கோடுதான் இருக்கிறது. பத்து நிமிடமும் வகுப்பு அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். வேகமாக ஓட்டும் வசதி வைக்கவில்லை.

காலத்தைச் சுருக்கும்போது

மேலே சொன்னது விதிவிலக்கு. மற்ற எல்லா இடத்திலும் நாங்கள் காலத்தைச் சுருக்கியே ஆக வேண்டியிருக்கிறது. பான்ஜியா என்ற பெருங்கண்டம் உடைந்து இன்றைய கண்டங்கள் வந்ததை, கடைசி 20 கோடி ஆண்டுகளை, 20 விநாடியில் காட்டுகிறோம். ஒரு விநாடிக்கு ஒரு கோடி ஆண்டு. கண்டங்கள் திரையில் விறுவிறுவென்று பறக்கின்றன. அதைப் பார்த்த மாணவர்கள், தட்டின் வேகம் என்ன என்று கேட்டால் ஆண்டுக்குச் சில கிலோமீட்டர் என்று எழுதினார்கள். அதுவும் எங்கள் அனிமேஷன் கற்பித்ததுதான்.

இதற்கு ஒரு சிறு கணக்கு வைத்தோம். விநாடிக்கு 30 பிரேம் என்றால், ஒரு பிரேமுக்கு எத்தனை ஆண்டு? மூன்று லட்சத்து முப்பத்து மூவாயிரம். மனித இனம், அதாவது ஹோமோ சேபியன்ஸ், தோன்றி ஏறத்தாழ மூன்று லட்சம் ஆண்டுகள். இப்போது அனிமேஷனின் கடைசி பிரேமில் நிறுத்துங்கள். நம் இனத்தின் மொத்த வரலாறும் இந்த ஒரு பிரேமுக்குள். அதற்கு முந்தைய பிரேமுக்குப் போய், கண்டங்களில் ஏதாவது வித்தியாசம் தெரிகிறதா பாருங்கள். தெரியாது. மாணவர்கள் இரண்டு பிரேமையும் மாறி மாறித் தட்டிப் பார்ப்பார்கள். அந்த இரண்டு நிமிட அமைதி எனக்கு மிகவும் பிடித்த வகுப்பு நேரம்.

அப்புறம் ஹவாய். ஹவாய்த் தீவின் கிலாவேயா எரிமலை இன்று ‘சூடான இடம்’ ஒன்றின் மேல், அதாவது அடியிலிருந்து வெப்பம் மேலேறி எரிமலைகளை உருவாக்கும் இடத்தின் மேல், இருக்கிறது. அங்கிருந்து வடமேற்கே சுமார் 2,430 கிலோமீட்டர் தள்ளி மிட்வே தீவு. அதன் எரிமலைப் பாறைக்கு ஏறத்தாழ 2.8 கோடி வயது. தூரத்தை வயதால் வகுத்தால் ஆண்டுக்கு 8.7 சென்டிமீட்டர் அளவில் வருகிறது. முதலில் அவர்கள் கணிப்பை எழுதிவிட்டுத்தான் வகுக்கிறார்கள். கிலோமீட்டரில் எழுதியவர்களுக்கு இது பெரிய அடி. அதே வேகத்தை ஸ்லைடரில் வைத்து ஓட்டினால், தீவுகள் ஒவ்வொன்றாகப் பிறந்து, நகர்ந்து, அரிக்கப்பட்டு, கடலுக்கடியில் மறைவதைப் பார்க்கலாம். இந்தத் தீவுச் சங்கிலி, ஏறத்தாழ 4.7 கோடி ஆண்டுகளுக்கு முன் உருவான இடத்தில், திடீரென்று வடக்கே வளைகிறது. ஏன் வளைகிறது என்ற கேள்விக்கு எங்கள் சிமுலேஷன் விடை தருவதில்லை. தட்டு திசை மாறியதா, அடியில் இருந்த சூடான இடமும் நகர்ந்ததா என்று ஆய்வாளர்கள் விவாதிப்பதை அப்படியே அவர்கள் முன் வைத்துவிடுகிறோம்.

கவசத்தின் நிறம்

தீக்கடல் படங்களுக்குத் திரும்புகிறேன். நிறத்தை மாற்றினால் போதும் என்றுதான் முதலில் நினைத்தோம். மேல்கவசம் பெரிடோடைட் என்ற பாறையால் ஆனது. அதில் நிறைந்திருப்பது ஒலிவின் என்ற பச்சைக் கனிமம். எரிமலைக் குழம்பு சில சமயம் கவசத் துண்டுகளை மேலே கொண்டுவரும்; உடைத்துப் பார்த்தால் பச்சை. அதனால் கவசத்துக்குப் பச்சை நிறம் கொடுத்தோம். கொஞ்சம் உதவியது. ஆனால் ‘பச்சைக் குழம்பு’ என்று வரைந்தவர்களும் இருந்தார்கள். ஒரு தவறான எண்ணத்தை நிறம் மாற்றி வெளியேற்ற முடியாது. அதோடு முரண்படும் ஒரு சான்று மாணவர் கையிலேயே கிடைக்க வேண்டும்.

அந்தச் சான்று எஸ் அலை. அது திரவத்தில் பயணிக்காது. 1906-இல் ரிச்சர்ட் ஓல்டம் நிலநடுக்க அலைகளை வைத்துப் புவிக்கு ஒரு கரு இருக்கிறது என்று காட்டினார். பெனோ கூட்டன்பர்க் அதன் எல்லை ஏறத்தாழ 2,900 கிலோமீட்டர் ஆழத்தில் என்று கணித்தார். 1936-இல் இங்கெ லேமன் அதற்குள்ளும் ஓர் உட்கரு இருப்பதைக் கண்டார். மூவரும் உள்ளே போய்ப் பார்க்கவில்லை, அலைகள் எங்கே வந்தன, எங்கே வரவில்லை என்று பார்த்தார்கள். அதையே மாணவர்களுக்குக் கொடுத்தோம்.

திரையில் ஒரு வெறும் வட்டம், அதுதான் புவி. மேலே ஒரு நிலநடுக்கம். சுற்றிலும் பதிவு நிலையங்கள். நேர் எஸ் அலை எந்த நிலையத்துக்கு வந்தது என்று தரவில் இருக்கிறது: நிலநடுக்கத்திலிருந்து (புவியின் மையத்தில் அளக்கும் கோணத்தில்) சுமார் 104 பாகை வரை வருகிறது, அதற்கு அப்பால் வருவதில்லை. உள்ளே ஒரு திரவக் கருவை வைத்து, அதன் ஆரத்தை ஸ்லைடரால் மாற்றி, நிழல், அதாவது அலை வராத பகுதி, 104 பாகையில் தொடங்கும்படி செய்ய வேண்டும். அலைகள் நேர்கோட்டில் போவதாக வைத்தால் கருவின் ஆரம் 3,920 கிலோமீட்டர் அளவில் வரும். உண்மை ஆரம் ஏறத்தாழ 3,480. நானூறு கிலோமீட்டருக்கு மேல் வித்தியாசம். ஏன்? ஆழம் கூடக்கூட அலையின் வேகம் கூடுகிறது, அதனால் பாதை வளைகிறது, நேர்கோடு தொடும் ஆழத்தைவிடக் கீழே இறங்கித் திரும்புகிறது. வளைவைச் சேர்க்கும் பொத்தான், இந்த வித்தியாசத்தை எழுதிய பிறகுதான் திறக்கும்.

மூன்றாம் பருவத்தில் இந்தப் பயிற்சியின் நடுவில், கணினித் துறை மாணவன் ஒருவன் கையைத் தூக்கினான். “மேடம், கவசம் குழம்புன்னா, எஸ் அலை எப்படி அது வழியா வந்துச்சு?” நான் பதில் சொல்லவில்லை. பக்கத்தில் இருந்தவள் சொன்னாள்: “அப்ப அது குழம்பு இல்ல.” “ஆனா அது ஓடுதுன்னு சொன்னாங்களே?” இருவரும் என்னைப் பார்த்தார்கள். பனியாற்றைப் பற்றி அன்று பேசினோம். பனிக்கட்டி திடம்தான், சுத்தியலால் அடித்தால் உடையும். ஆனாலும் மலைச்சரிவில் பனியாறு ஓடுகிறது. கவசப் பாறையும் அப்படியே, அதைவிடப் பல மடங்கு மெதுவாக. அந்தக் கேள்வியை அவன் கேட்டதால் அந்தப் பதிலுக்கு இடம் கிடைத்தது. முதல் பருவத்தில் குரல் விளக்கத்தில் இதே வாக்கியம் இருந்தது, யாருக்கும் கேட்கவில்லை.

அந்தப் பருவத்துத் தேர்வுப் படங்களில் கவசத்தைத் திடமாகக் குறித்தவர்கள் நிறைய. சிலர் அம்புக்குறி போட்டு, பக்கத்தில் ‘திடம், ஆனால் மெல்ல நகரும்’ என்று எழுதியிருந்தார்கள். தீக்கடல் முழுதாகப் போகவில்லை.

அளவைப் பற்றிய ஒரு சிறு பயிற்சியும் இங்கே சேர்ந்தது. எங்கள் குறுக்குவெட்டுகளில் மலைகள் கோபுரம் போல நின்றன, மேலோடு தடித்த ஓடு போல இருந்தது. 30 சென்டிமீட்டர் விட்டமுள்ள உருண்டையாகப் புவியைச் சுருக்கினால் எவரெஸ்டின் உயரம் 0.2 மில்லிமீட்டர். 35 கிலோமீட்டர் தடிமனுள்ள கண்ட மேலோடு ஒரு மில்லிமீட்டர்கூட வராது. இப்போது ஒவ்வொரு குறுக்குவெட்டின் மூலையிலும், செங்குத்து அளவு எத்தனை மடங்கு பெரிதாக்கப்பட்டிருக்கிறது என்று எழுதியிருக்கிறோம். தொட்டால் உண்மை அளவுக்குச் சுருங்கும். சுருங்கியதும் மலைத்தொடர் ஒரு கோட்டுக்குள் காணாமல் போகும். படம் அசிங்கமாகிவிடுகிறது, ஆனால் அதுதான் உண்மை.

திரை உதவாத இடங்கள்

கனிமங்களை முப்பரிமாண மாதிரிகளாகச் செய்து, சுழற்றிப் பார்க்கக் கொடுத்தது வீண் வேலை. ஈயக் கனிமமான கலீனாவும் குவார்ட்சும் திரையில் ஒரே எடை. கையில் எடுத்தால், கலீனா கிட்டத்தட்ட மூன்று மடங்கு கனம், எடுத்த உடனே தெரியும். கால்சைட்டைக் கத்தியால் கீறலாம், குவார்ட்சைக் கீற முடியாது. கால்சைட்டில் நீர்த்த அமிலம் ஒரு சொட்டு விட்டால் நுரைக்கும். இதை எந்த அனிமேஷனும் தராது. கனிம வகுப்பில் கணினிகளை மூடிவிட்டு, பெட்டிகளைத் திறந்தோம். மாதிரிகளே கிடைக்காத இடத்தில் திரையை ஏற்றுக்கொள்ளலாம். கிடைக்கும் இடத்தில் கூடாது.

இன்னொன்று தொழில்நுட்பம் சார்ந்தது. எங்களுக்கு முன்பு இந்தப் பாடத்தை நடத்தியவர் பல ஆண்டுகள் உழைத்துச் சேர்த்த அனிமேஷன்கள் எல்லாம், உலாவியில் அனிமேஷன் ஓட்டப் பயன்பட்ட ஃபிளாஷ் என்ற மென்பொருளில் இருந்தன. 2020 டிசம்பர் 31-உடன் ஃபிளாஷுக்கான ஆதரவு நின்றது. அடுத்த மாதம் அவை உலாவியில் ஓடவில்லை. உலகம் முழுவதும் புவி அறிவியல் ஆசிரியர்கள் செய்து வைத்திருந்த எத்தனையோ பாடங்கள் அப்படிப் போயின. அவருடைய பாடங்களில் நாங்கள் மீட்டவை, அவர் தரவை அட்டவணையாகவும் கேள்விகளைத் தாளிலும் தனியாக வைத்திருந்தவை மட்டுமே. அதனால் இப்போது ஒவ்வொரு சிமுலேஷனுக்கும் தரவுக் கோப்பு ஒன்று, கேள்வித்தாள் ஒன்று, சில நிலைப்படங்கள் என்று தனித்தனியாக வைக்கிறோம். பாதி மாணவர்கள் தொலைபேசியில்தான் திறக்கிறார்கள். இணையம் மெதுவாக இருக்கும் நாளில் அந்த நிலைப்படங்களும் தாளும் வகுப்பை நடத்திவிடும்.

நிலத்தடி நீர்

நான்கு பருவமாகியும் எங்களால் அசைக்க முடியாதது ஒன்று இருக்கிறது. நிலத்தடி நீர் என்றதும் மாணவர்கள் பூமிக்குள் ஒரு குகையை வரைந்து, அதற்குள் ஏரியோ ஆறோ ஓட விடுகிறார்கள். மணல் துகள்களுக்கு இடையே உள்ள சிறு வெளிகளில் நீர் நிற்பதைக் காட்ட, பெரிதாக்கிப் பார்க்கும் ஒரு சிமுலேஷன் செய்தோம். கணிப்பை வரைந்த பிறகுதான் அதுவும் திறக்கும். துகள்களைப் பார்க்கிறார்கள், கேள்விக்குச் சரியாகப் பதில் எழுதுகிறார்கள். களிமண்ணில் வெளி நிறைய இருந்தும் நீர் ஏன் எளிதில் நகர்வதில்லை என்பதைக்கூட விளக்குகிறார்கள். ஒரு மாதம் கழித்துத் தேர்வில் மறுபடியும் குகை.

பெரிதாக்கிய படத்தையும் கிணற்றின் படத்தையும் மாணவர்கள் இரண்டு வேறு உலகமாக வைத்துக்கொள்கிறார்கள் என்று படுகிறது. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு எங்கள் திரை தாவிவிடுகிறது. நடுவே வழி இல்லை. அடுத்த பருவத்தில் ஒவ்வொரு மேசையிலும் ஒரு கண்ணாடிக் குடுவையில் உலர்ந்த மணலை விளிம்புவரை நிரப்பி வைக்கப் போகிறோம். இதற்குள் எவ்வளவு தண்ணீர் பிடிக்கும் என்று முதலில் எழுத வேண்டும். பிறகு ஊற்றி, நீர்மட்டம் மணலுக்குள் ஏறுவதைக் கண்ணாடி வழியே பார்த்து, நடுவில் ஒரு குழாயைச் செருகி உறிஞ்ச வேண்டும். கணினி அதன் பிறகுதான் திறக்கும்.